சிறகு கட்டிய குழந்தைகளும் களுத்துறைச் சிறுமியும்

ஜூலியா மார்கரெட் கேமரனின் குழந்தைப் படங்களை முன்வைத்து

கேள்வி

குழந்தையின் கறுப்பு வெள்ளைப் படம் என்றதும் ஒரு நம்பிக்கை முந்திக்கொண்டு வருகிறது. பெரியவர்கள் கேமராவுக்கு முன்னால் நடிப்பார்கள். பிள்ளைக்கு நடிக்கத் தெரியாது. ஆகவே பிள்ளை முகத்தில் தெரிவதெல்லாம் மெய். நிறம் கழிந்துவிடுவதால் அந்த மெய் இன்னும் அழுத்தமாகத் தெரியும் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். இதன்படி, வேடம் கட்டாமல், இருந்தபடி எடுக்கப்பட்ட பிள்ளையே படத்தில் முழுதாகக் கிடைக்க வேண்டும். சிறகும் கிரீடமும் மாட்டி நிறுத்தப்பட்ட பிள்ளை தொலைந்துபோயிருக்க வேண்டும்.

ஜூலியா மார்கரெட் கேமரனின் படங்களைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு உதைக்கிறது. 1815இல் கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஒருவரின் மகளாகப் பிறந்தவர் அவர். 48ஆம் வயதில்தான் கேமராவைத் தொட்டார். இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவில், ஃப்ரெஷ்வாட்டர் என்ற ஊரில், 1864இலிருந்து 1875 வரை ஏராளமான பிள்ளைகளைப் படமெடுத்தார். அவர்களைத் தேவதையாக்கினார், மன்மதனாக்கினார், குழந்தை ஏசுவாகவும் ஆக்கினார். 1875இல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். அங்கே எடுத்த படங்களில் எஞ்சியவை ஏறக்குறைய முப்பதுதான். அவற்றில் யாரும் தேவதை இல்லை. இருப்பவர்கள் இருந்தபடியே நிற்கிறார்கள்.

ஆனால் ஃப்ரெஷ்வாட்டர் பிள்ளைகளை இன்றைக்கும் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது: ஆனி, ஃப்ரெடி, கேட், ரேச்சல். இலங்கைப் பிள்ளைகள் அட்டவணைகளில் 'சிறுமி, இலங்கை' என்று கிடக்கிறார்கள். படமெடுத்த கை ஒன்றே, முறையும் ஒன்றே. ஏன் இந்த வேறுபாடு? காலனிய ஆதிக்கம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். அது தவறான பதிலும் அல்ல. ஆனால் படத்தைப் பார்க்காமலே சொல்லிவிடக்கூடிய பதில் அது. ஆதிக்கம் ஒரு கண்ணாடித் தகட்டில் எந்த வழியாக வந்து உட்காருகிறது என்பதே இக்கட்டுரை ஆராய விரும்புவது.

இதுவரை சொல்லப்பட்டவை

கேமரனை இருபதாம் நூற்றாண்டுக்கு மறுபடி அறிமுகப்படுத்திய நூல் 1926இல் ஹோகார்த் பதிப்பகம் வெளியிட்டது. அதற்கு முன்னுரை எழுதியவர்கள் வர்ஜீனியா வுல்ஃபும் கலை விமர்சகர் ராஜர் ஃப்ரையும். வுல்ஃபுக்குக் கேமரன் பாட்டி முறை, பாட்டியின் சகோதரி. புகழ்பெற்ற ஆண்களும் அழகிய பெண்களும் என்ற பொருளில் நூலுக்குப் பெயர் வைத்தார்கள். அந்தத் தலைப்பிலேயே குழந்தைகளுக்கு இடமில்லை. டென்னிசன், கார்லைல், ஹெர்ஷல் போன்றோரின் முகங்களை ஃப்ரை வியந்தார். வேடமிட்ட படங்களைத் தோல்வி என்று ஒதுக்கினார். 1948இல் கேமரனைப் பற்றித் தனிநூல் எழுதிய ஹெல்மட் கெர்ன்ஷைமும் ஏறத்தாழ அதே தீர்ப்பைத்தான் சொன்னார். அரை நூற்றாண்டுக் காலம் சிறகு கட்டிய குழந்தைகள் விக்டோரிய ரசனைக்கேடு என்றே கருதப்பட்டார்கள்.

1984இல் மைக் வீவர் இந்தத் தீர்ப்பைப் புரட்டினார். அந்தப் படங்களுக்குப் பின்னால் ஒழுங்கான கிறித்தவக் குறியீட்டு முறை ஒன்று உண்டு என்று காட்டினார். 1990களில் பெண்ணிய ஆய்வாளர்களான கரோல் மேவர், லிண்ட்சே ஸ்மித், கரோல் ஆர்ம்ஸ்ட்ராங் ஆகியோர் குழந்தைப் படங்களை நடுவே கொண்டுவந்தார்கள். ஸ்மித்தின் வாதம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குவியம் தெளிவாக இருக்க வேண்டும் என்ற கோரிக்கையே நடுநிலையானது அல்ல, அது ஒருவகை அதிகாரப் பார்வை; கேமரனின் மங்கல் அதற்கு இணங்க மறுத்தது என்பார் அவர். இலங்கைப் படங்களைத் தனியாக எடுத்துக்கொண்டு ஜோன் லூகிட்ஷ் 1996இல் எழுதிய கட்டுரை இன்றும் தவிர்க்க முடியாதது. 2003இல் ஜூலியன் காக்ஸும் காலின் ஃபோர்டும் தொகுத்த முழு அட்டவணை 1,200க்கும் மேற்பட்ட படங்களை ஒரே இடத்தில் வைத்தது. ஜெஃப் ரோசன் 2016இல் வெளியிட்ட நூல், உருவகப் படங்களுக்குள்ளேயே பேரரசு அரசியல் ஓடுவதைத் தேடிக் காட்டியது.

இவ்வளவு இருந்தும் ஒரு இடைவெளி தெரிகிறது. குழந்தைமை பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 1875இல் கப்பல் புறப்பட்டதும் நின்றுவிடுகிறார்கள். இலங்கைப் படங்களைப் பற்றி எழுதுபவர்கள் இனம், உழைப்பு, உடைமை ஆகியவற்றைக் கேட்கிறார்கள். படத்தில் நிற்பது ஒரு குழந்தை என்பதில் அதிகம் தங்குவதில்லை. இரண்டு குவியல்களையும் அருகருகே வைத்தால்தான் நம் கேள்வியே பிறக்கும்.

தகடு கேட்கும் விலை

முதலில் தொழில்நுட்பம். ஃப்ரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில்தான் கேமரன் கடைசிவரை வேலை செய்தார். கண்ணாடித் தகட்டின் மேல் பிசுபிசுப்பான கொலோடியனை ஊற்றி, தகட்டைச் சாய்த்துச் சாய்த்து நான்கு மூலைக்கும் ஓடவிட வேண்டும். பிறகு வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் சொட்டச் சொட்டக் கேமராவில் செருகி, படமெடுத்து, காய்வதற்குள் இருட்டறைக்கு ஓடிக் கழுவ வேண்டும். எல்லாம் சில நிமிடங்களுக்குள் முடிந்தாக வேண்டும். அச்சிடுவது முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதத்தில். பொன் உப்பில் நனைத்து நிறமேற்றிய அந்த அச்சுகள் உண்மையில் பழுப்பும் கருஞ்சிவப்பும் கலந்தவை. கறுப்பு வெள்ளை என்று நாம் சொல்வதெல்லாம் அச்சகங்கள் பிற்பாடு செய்த வேலை.

இந்தத் தகடு நீல ஒளிக்கு மட்டுமே நன்றாக மயங்கும். நீலக்கண் வெளிறிவிடும், பொன்னிற முடி எதிர்பாராத அளவு கறுக்கும், சிவந்த கன்னமும் உதடும் இருண்டுபோகும். பழுப்புத் தோல் நீல ஒளியைக் குறைவாகவே திருப்பியனுப்புவதால் இன்னும் இருண்டு விழும். அதைச் சரிக்கட்ட வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும், அல்லது ஆளை மேலும் அதிக நேரம் அசையாமல் நிறுத்த வேண்டும். அந்தத் தகட்டில் எல்லா முகமும் ஒரே விலைக்குப் பதிவதில்லை.

குழந்தைக்கு இதெல்லாம் பெருஞ்சோதனை. அக்கால ஸ்டூடியோக்களில் தலையின் பின்னால் இரும்புக் கவை வைத்து முட்டுக்கொடுப்பார்கள். கைக்குழந்தையானால் தாய் மேல் துணியைப் போர்த்தி நாற்காலி போல உட்காரவைத்து, மடியில் பிள்ளையை இருத்தி எடுப்பதும் உண்டு. கேமரன் இரும்புக் கவையைப் பயன்படுத்தவில்லை. அதே சமயம் அவருடைய தகடு பெரியது, 1866 வாக்கில் 15க்கு 12 அங்குல அளவை எட்டிவிட்டது. கோழிக்கூண்டை மாற்றி அமைத்த கண்ணாடி அறையில் வெளிச்சத்தையும் அவர் திட்டமிட்டே குறைத்துக்கொண்டார். மூன்றிலிருந்து ஏழு நிமிடம் வரை ஆட்களை உட்காரவைத்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஏழு நிமிடம் மூச்சைப் பிடித்தபடி இருக்க எந்தப் பிள்ளையாலும் ஆகாது. அது கொஞ்சம் அசையும், சலிக்கும், கண் சிமிட்டும். அத்தனையும் தகட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும். கேமரனின் புகழ்பெற்ற மங்கலில் ஒரு பங்கு லென்ஸுடையது, ஒரு பங்கு அவருடைய விருப்பம், மூன்றாவது பங்கு பிள்ளையுடையது. விமர்சகர்கள் முதல் இரண்டைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள்.

ஃப்ரெஷ்வாட்டர்: வேடத்துக்குள் இருப்பவர்

கேமரன் தன் முதல் வெற்றி என்று எழுதிவைத்த படம் ஒரு சிறுமியுடையது: ஆனி பில்போட், 1864 ஜனவரி. வேடம் எதுவும் இல்லை. கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. வாரிய முடி கலைந்து தோளில் கிடக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழ, பார்வை கேமராவைத் தவிர்த்து ஓரமாகப் போகிறது. இந்தப் படத்துக்கு முந்தைய கதையைத் தம் கண்ணாடி அறையைப் பற்றி 1874இல் எழுதிய முடிவுபெறாத நினைவுக் குறிப்பில் சொல்கிறார். வேறு இரண்டு பிள்ளைகளை வைத்து எடுக்கும்போது ஒரு பிள்ளை சிரித்துத் தொலைக்க, தகடு வீணாயிற்று. அடுத்த தடவை, நீ அசைந்தால் இந்தக் கேமரன் அம்மாளின் மருந்தும் உழைப்பும் எவ்வளவு வீணாகும் என்று எடுத்துச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். அது பலித்தது. படம் வந்ததும், முழுக்க இவளே உருவாக்கியது போலத் தோன்ற, அந்தப் பிள்ளைக்குப் பரிசு தேடி வீடெல்லாம் ஓடினாராம்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகத் தெரிவது பேரம். பிள்ளைக்கு மறுக்கும் வலிமை இருந்திருக்கிறது. சிரித்தால் போதும், அன்றைய வேலை பாழ். அதனால்தான் கெஞ்சலும் பரிசும். படத்தின் ஆக்கத்தில் பிள்ளைக்குப் பங்குண்டு என்பதைக் கேமரனே வாய்விட்டு ஒப்புக்கொள்கிறார்.

வேடப் படங்களுக்கு வருவோம். 1872இல் எடுத்த ஒரு படத்தில் ரேச்சல் கர்னி என்ற சிறுமி தோளில் பெரிய சிறகுகளோடு இருக்கிறாள். மடித்த கைகளின் மேல் மோவாயை ஊன்றிக்கொண்டு நேராக நம்மைப் பார்க்கிறாள். தலைப்பு, காத்திருக்கிறேன் என்ற பொருளில் அமைந்தது. வானுலகின் விளிம்பில் காத்திருக்கும் தேவதை என்பது கேமரன் எண்ணியது. படத்தில் தெரிவதோ இது எப்போது முடியும் என்று காத்திருக்கும் பிள்ளை. அவளுடைய சகோதரி லாரா பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்பு இதை உறுதிப்படுத்துகிறது. சிறுதோள்களில் கனத்த அன்னச் சிறகுகளைக் கட்டி, படிய வாரிய தலையை முரட்டுக் கையால் கலைத்துவிட்டு நிறுத்துவாராம் ஜூலியா அத்தை. பழைய படங்களில் தங்கள் முகம் கவலை தோய்ந்து தெரிவதில் வியப்பென்ன என்று கேலியாகவே கேட்கிறார் அவர். தேவதையின் துயரம் என்று ரசிகர்கள் உருகியது, சிறகு கனத்த பிள்ளையின் எரிச்சல்.

இங்கேதான் என் வாதத்தின் முதல் பாதி இருக்கிறது. பிள்ளையை வேறொருவராக இருக்கச் சொல்லும்போது, அந்த வேறொருவருக்கும் பிள்ளைக்கும் இடையே ஒரு விரிசல் விழுகிறது. அந்த விரிசல் வழியாகத்தான் பிள்ளை வெளியே தெரிகிறது. தேவதை எப்படி இருக்கும் என்று நமக்கு ஓவியங்களிலிருந்து தெரியும். அதற்குப் பொருந்தாமல் எஞ்சுவது எல்லாம் ரேச்சல். நம்மூர் வீடுகளில் கிருஷ்ணன் வேடமிட்டு எடுத்த பிள்ளைப் படம் இல்லாத ஆல்பம் குறைவு. மயிற்பீலியும் குழலும் கிருஷ்ணனுடையவை, அழப்போகும் உதடு மட்டும் பிள்ளையுடையது. பார்த்ததும் யாருடைய உதடு என்று உறவுக்காரர்கள் சொல்லிவிடுவார்கள்.

வேடம் சமூகப் படிநிலையைக் கலைத்துப் போட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும். கேட், எலிசபெத், ஆலிஸ் ஆகிய கியோன் சகோதரிகள் ஊர்க் கோட்டையிலிருந்த பீரங்கிப் படை வீரரின் மக்கள். கன்னி மரியாளாக மீண்டும் மீண்டும் தோன்றும் மேரி ஹில்லியர் வீட்டுப் பணிப்பெண். மேரி ரயன் பிச்சையெடுத்துக்கொண்டிருந்த ஐரிஷ் பெண்ணின் மகள். அவளைக் கேமரன் வீட்டில் சேர்த்து வளர்த்தார், படமெடுத்தார். 1867இல் அவளை மணந்தவர் ஹென்றி காட்டன். கும்பகோணத்தில் பிறந்து, வங்காளத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்து, 1904இல் பம்பாய் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய அதே காட்டன்தான். இதற்காகக் கேமரனைச் சமத்துவவாதி என்று கொண்டாட வேண்டியதில்லை. பணிப்பெண்ணைப் பணிப்பெண்ணாக எடுக்க அவருக்கு ஆர்வம் இல்லாதிருந்தது, அவ்வளவே. அந்த ஆர்வமின்மையின் பலன் அவர்களுடைய முகங்களுக்குக் கிடைத்தது.

இன்னொரு படத்தையும் கவனிக்கலாம். 1864இல் ஃப்ரெடி கோல்டையும் எலிசபெத் கியோனையும் ஒரு குடையின் கீழ் நிறுத்தி, பாலும் வர்ஜீனியாவும் என்று பெயரிட்டார். பெர்னார்டின் த சேன்-பியேர் எழுதிய பிரெஞ்சு நாவலின் இரு குழந்தைகள் அவர்கள். கதை நடப்பது மொரீஷியசில், அடிமைகளைக் கொண்டு தோட்டம் நடத்திய தீவில். குளிர்நாட்டுப் பிள்ளைகள் இருவர் துணியைச் சுற்றிக்கொண்டு வெயில் தீவின் பிள்ளைகளாக நடிக்கிறார்கள். பதினோரு ஆண்டுகள் கழித்து கேமரன் உண்மையான வெயில் தீவுக்கே போனார்.

இடையில் ஒரு இளவரசன்

அதற்கு முன்பே ஒரு தடவை அந்நிய நாட்டுப் பிள்ளை அவருடைய கேமரா முன்னால் வந்து உட்கார்ந்தது. 1868 ஏப்ரலில் பிரிட்டிஷ் படை அபிசீனியாவின் மக்தலாக் கோட்டையைப் பிடித்தது. பேரரசர் தெவோத்ரோஸ் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார். ஏழு வயது மகன் அலமாயு இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டான். தாயும் வழியிலேயே இறந்துபோனார். அந்த ஜூலையில், காப்பாளரான கேப்டன் ஸ்பீடியோடு வைட் தீவில் தங்கியிருந்தபோது கேமரன் அவனைப் பல படங்கள் எடுத்தார்.

இவனுக்குப் பெயர் உண்டு. தலைப்பில் தந்தையின் பெயரும் பட்டமும்கூட உண்டு. ஆனாலும் இந்தப் படங்கள் ஃப்ரெஷ்வாட்டர் படங்களின் கூட்டத்தில் சேராமல் தனித்து நிற்கின்றன. இவனை யாராகவும் இருக்கச் சொல்லவில்லை; நீ நீயாகவே இரு என்றார்கள். அந்த 'நீ' என்பதோ, தோற்கடிக்கப்பட்ட அரசனின் மகன் என்று செய்தித்தாள்கள் ஏற்கெனவே எழுதிவைத்த பாத்திரம். சொந்த உடையே வேடமானது. சிறகுக்கும் ரேச்சலுக்கும் இடையே விழுந்த விரிசல் இங்கே விழ வழியில்லை, ஏனென்றால் வேடத்துக்கும் பிள்ளைக்கும் ஒரே பெயர். ரோசன் இந்தப் படங்களைப் பேரரசின் செய்திப் பரப்போடு சேர்த்துப் படிப்பது சரி என்றே தோன்றுகிறது. ஆனால் பையனுடைய சோர்வை இழப்பின் சின்னமாகப் படிக்கும் பழக்கத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. சோர்வு ஏழு நிமிடத்தாலும் வரும். ரேச்சலிடமும் அது இருந்தது. ரேச்சலின் சோர்வை நாம் அவளுடையதாக விட்டுவிடுகிறோம். அலமாயுவின் சோர்வை வரலாற்றுக்கு எழுதிக்கொடுத்துவிடுகிறோம்.

அவன் 1879இல், 18 வயதில் இறந்தான். வின்ட்சர் கோட்டைத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டான். எலும்புகளையேனும் திருப்பித் தாருங்கள் என்ற கோரிக்கையை பக்கிங்ஹாம் அரண்மனை 2023இல் மறுத்தது.

களுத்துறை

கேமரன் குடும்பத்துக்கும் இலங்கைக்கும் உறவு பழையது. கணவர் சார்லஸ் ஹே கேமரன், கோல்புரூக்-கேமரன் ஆணைக்குழுவின் வழியாக இலங்கை வரலாற்றுப் பாடநூல்களில் இன்றும் இருப்பவர். மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் வாங்கியிருந்தார். ஃப்ரெஷ்வாட்டர் வீட்டுக்கு வைத்த 'டிம்போலா' என்ற பெயரே திம்புள்ளப் பகுதியின் நினைவுதான். ஃப்ரெஷ்வாட்டரில் எடுத்த தேவதைப் படங்களின் மருந்துச் செலவில் தோட்டத் தொழிலாளரின் உழைப்பும் கலந்திருந்தது. 1869இல் காப்பி இலைகளில் துரு நோய் தோன்றியபின் வருமானம் தேயத் தொடங்கியது. 1875இல் இருவரும் புறப்பட்டார்கள். சவப்பெட்டிகள் இரண்டையும் கையோடு கொண்டுபோனார்கள் என்பது எல்லா வாழ்க்கைக் குறிப்பிலும் தவறாமல் வரும் கதை.

கொழும்புக்குத் தெற்கே கடலோரம் உள்ள களுத்துறையில், மகன் வீட்டில் படவேலை தொடர்ந்தது. வெப்பத்தில் கொலோடியனில் உள்ள ஈதர் விரைந்து ஆவியாகும், தகடு சீக்கிரம் காயும். 1877இல் அங்கே வந்து தங்கிய தாவர ஓவியர் மேரியன் நார்த் எழுதிய குறிப்பு சுவையானது. சுவரெல்லாம் படங்கள், மேசை, நாற்காலி, தரை என்று எங்கும் படங்களும் ஈரமேறிய புத்தகங்களும் இறைந்து கிடந்தன. ஒரு ஆளின் முதுகழகு பிடித்துப்போய் அவனைத் தோட்டக்காரனாக வேலைக்கு வைத்துக்கொண்டாராம் கேமரன், வீட்டில் தோட்டமே இல்லாதபோதும். நார்த் இதை வேடிக்கையாகத்தான் எழுதுகிறார். ஆனால் அந்த வேடிக்கையில் படமெடுக்கும் முறையே இருக்கிறது. ஃப்ரெஷ்வாட்டரில் மாதிரிக்கு ஆள் வேண்டுமானால் கெஞ்ச வேண்டியிருந்தது. இங்கே சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தோட்டத்துப் பேச்சில் சொன்னால் கேமரன் இங்கே துரைச்சாணி. துரைச்சாணி நிற்கச் சொன்னால் சிரித்துத் தகட்டைக் கெடுக்க எந்தப் பிள்ளைக்குத் துணிவு வரும்?

இந்தப் படங்களில் இருப்பவர்கள் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் என்று பல நூல்களும் அட்டவணைகளும் சொல்லும். கொஞ்சம் நிதானிக்க வேண்டும். களுத்துறை சிங்களவர் மிகுந்த கடலோர ஊர். காப்பித் தோட்டங்களும் தமிழ்த் தொழிலாளர் லயங்களும் மலையில் இருந்தன. கேமரன் மலைக்கும் போய்வந்தவர். சில படங்களில் தமிழர் இருக்கலாம். நமக்கு உரிமை கொண்டாடும் ஆசை வருவது இயல்பு. ஆனால் தோற்றத்தை வைத்து இனம் சொல்வது அந்தக் காலத்து அதிகாரிகள் செய்த வேலை, அதை நாமும் செய்ய வேண்டியதில்லை.

1878இல் எடுத்த ஒரு படத்தின் அட்டையில் கேமரன் கைப்பட எழுதிய குறிப்பு இருக்கிறது. களுத்துறைக் குடியானவர்களின் குழு இது. சிறுமிக்கு 12 வயது. கிழவர் தன்னை அவளுடைய தந்தை என்கிறார், தனக்கு நூறு வயது என்றும் சொல்கிறார் என்பது அதன் சாரம். ஃப்ரெஷ்வாட்டர் அட்டைகளில் இப்படி எதுவும் கிடையாது. அங்கே பெயர் இருக்கும், அல்லது கதைமாந்தர் பெயர் இருக்கும். பேரன் ஆர்ச்சியானால் வயதும் பாசமும் சேர்ந்திருக்கும். இங்கே இருப்பது விசாரணைக் குறிப்பு. கிழவரின் சொல்லை நம்பியும் நம்பாமலும் பதிவுசெய்யும் தொனி அதிகாரிகளுடையது. சிறுமியின் வயது மட்டும் ஐயமின்றி எழுதப்படுகிறது. அவளிடம் கேட்டதாகக் குறிப்பு இல்லை. படம் இப்போது யாருடையது என்று பாருங்கள். வியப்பு நூறு வயதில் இருக்கிறது. சிறுமி அந்த நூற்றுக்குப் பக்கத்தில் ஒப்புக்கு வைத்த பன்னிரண்டு.

என் வாதத்தின் மறுபாதி இது. குடியானவராக இரு என்று சொன்னால் குடியானவருக்கும் சிறுமிக்கும் இடையே விரிசல் எதுவும் விழுவதில்லை. அவள் முகம் சுளித்தாலும் அது குடியானவர் சுளிப்பாகிவிடுகிறது, சலித்தாலும் கீழைத்தேய மௌனமாகிவிடுகிறது. வேடம் இல்லாததால் உண்மை கூடவில்லை. மாதிரிப்பொருளாக இருப்பது கழற்ற முடியாத வேடம்.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இலங்கைப் படங்கள் எல்லாமே இப்படி அல்ல. நெருங்கிநின்று எடுத்த இரண்டொரு பெண் முகங்களில் பழைய கேமரனின் கை தெரிகிறது. அங்கே ஒளி முகத்தைத் தேடிப்போய் விழுகிறது. மனித வகைகளை வரிசையாகப் படமெடுத்து அடுக்கிய அக்காலக் காலனிய ஆல்பங்களில் அவற்றைச் சேர்க்க முடியாது. பெயர் மட்டும் அவற்றிலும் இல்லை.

அதே ஆண்டுகளில், கடலுக்கு இப்புறம்

களுத்துறையில் அந்தத் தகடுகள் கழுவப்பட்ட 1876-78 ஆண்டுகளில்தான் சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. தென்னிந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்த பஞ்சம் அது. பிழைக்க வழி தேடி ஆயிரக்கணக்கானோர் மன்னார் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்கு நடந்தார்கள். இங்கே படமெடுத்தவர் சென்னைக் குதிரைப்படை அதிகாரி டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர். எலும்பும் தோலுமான குடும்பங்களை ஸ்டூடியோவில் குடும்பப்படம் எடுப்பதுபோல அடுக்கி உட்காரவைத்தார்: பெரியவர்கள் பின்னால், பிள்ளைகள் முன்னால். நிவாரணத்துக்குத் தகுதியானவர்கள், முகாமில் இருப்பவர்கள் என்று வகைப்படுத்தித் தலைப்பிட்டார். சோறு போட்டாரா, படம் மட்டும் எடுத்தாரா என்ற கேள்வி நெடுநாளாக அவரைத் துரத்துகிறது. ஜாஹித் சௌத்ரி போன்ற ஆய்வாளர்கள் இந்தப் படங்களின் அமைப்பை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

கேமரனை ஹூப்பரோடு ஒரே தட்டில் வைப்பது அநியாயம். ஆனால் பிள்ளைகளைப் பொறுத்தமட்டில் ஒரு விதி இரண்டிலும் இயங்குகிறது. ஹூப்பரின் பிள்ளைகள் பஞ்சத்தின் சான்று. சான்றுக்குப் பெயர் தேவையில்லை, எண்ணிக்கை போதும். அவை உள்ளதை உள்ளபடி காட்டும் படங்கள் என்பதில் ஐயமில்லை. அவற்றில் எந்தப் பிள்ளையையும் நம்மால் மறுபடி அடையாளம் காண முடியாது என்பதிலும் ஐயமில்லை.

எதிர்வாதங்கள்

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, எண்ணிக்கை. எஞ்சிய முப்பது படங்களை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான படங்களோடு ஒப்பிடலாமா? பெயர் எழுதிய அச்சுகள் அழிந்தும் போயிருக்கலாமே? இருக்கலாம். ஆனால் ஒப்பீடு எண்ணிக்கையைச் சார்ந்ததல்ல. எஞ்சிய ஒரு குறிப்பின் தொனியே வேறாக இருக்கிறது என்பதுதான் இங்கே சான்று.

இரண்டாவது, சந்தை. ஃப்ரெஷ்வாட்டர் படங்கள் லண்டனில் கோல்னாகி நிறுவனத்தின் வழியாக விற்பனைக்குப் போயின. 1862ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் நூற்றுக்கணக்கில் பதிவும் செய்யப்பட்டன. ஆகவே தலைப்பு தேவைப்பட்டது. இலங்கைப் படங்கள் அவருடைய சொந்தத் திருப்திக்கு எடுத்தவை. இது வலுவான மறுப்புதான். ஆனால் சந்தை தலைப்பை விளக்குமே தவிர, பெயரை விளக்காது. விற்பனைக்குத் தேவைப்பட்டது தேவதை, ரேச்சல் அல்ல. ரேச்சலின் பெயர் எஞ்சியது உறவாலும் பேச்சாலும் ஊர் நினைவாலும்.

மூன்றாவது மறுப்புதான் கடினமானது. வேடம் கட்ட வேண்டுமானால் எடுப்பவருக்கும் பிள்ளைக்கும் பொதுவான கதை ஒன்று வேண்டும். களுத்துறைச் சிறுமிக்கு வர்ஜீனியாவைத் தெரியாது, மொழியும் குறுக்கே நின்றது. வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். பியூர்கர் என்ற கவிஞரின் ஜெர்மன் கதைப்பாடலை ஆங்கிலத்தில் பெயர்த்த, கல்கத்தாவில் பிறந்து பெரும்பாலும் பிரான்சில் வளர்ந்த ஒருவருக்கு அயல்மொழி என்பது அவ்வளவு உயரமான சுவரா என்பது ஒருபுறம் இருக்கட்டும். கதைக்கு அங்கே பஞ்சமே இல்லை. இலங்கையின் தென்மேற்குக் கரையில் முகமூடி அணிந்து ஆடும் கோலம் இருந்தது. மலைத்தோட்ட லயங்களில் காமன் கூத்தில் ரதியும் மதனுமாக ஆட்கள் வேடம் கட்டினார்கள். மன்மதனைக் கேமரனுக்கும் வேறு பெயரில் நன்றாகத் தெரியும். விகாரைச் சுவர்களில் தீட்டப்படும், புத்தரின் முற்பிறவிக் கதையான வெஸ்ஸந்தர ஜாதகத்திலோ நடுநாயகமாக இரண்டு பிள்ளைகள் வருகிறார்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும்: தந்தையால் தானமாகக் கொடுக்கப்பட்டு, அந்நியன் ஒருவனால் கொடியால் கட்டி இழுத்துப்போகப்படும் ஜாலியும் கிருஷ்ணஜினாவும். ஒரு குடைக்கீழ் இரு பிள்ளைகளை நிறுத்தத் தெரிந்த கேமரனுக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரங்கள் வேறெங்கே கிடைத்திருக்கும்? பக்கத்து விகாரையில் இருந்த கதையை அவர் விசாரித்ததாக அவருடைய படங்களில் தடயம் இல்லை. அங்குள்ள பிள்ளைகளுக்கும் வேறொருவராக நடிக்கப் பாத்திரங்கள் உண்டு என்ற எண்ணமே எழவில்லை.